ஊரை அளந்த கணக்கு

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் விக்கிரவாண்டியை அறிவர். சுங்கச் சாவடியில் வண்டிகள் வரிசையாக நிற்கும் இடம் என்று அறிவர். முண்டியம்பாக்கத்துக் கரும்பாலையை அறிவர். 2010-ஆம் ஆண்டு அங்கே அரசு மருத்துவக் கல்லூரி எழுந்ததையும் அறிவர். ஆயினும் இந்த வட்டாரம் கல்வியின் வரலாற்றிலே இரண்டு இடங்களைப் பெற்றிருக்கிறது என்பதை அறிந்தவர் மிகச் சிலர். ஒன்று, விக்கிரவாண்டி வட்டத்திலேயே உள்ள எண்ணாயிரம். மற்றொன்று, விழுப்புரத்தைக் கடந்து திருச்சி நெடுஞ்சாலையிலே சென்றால், அரசூரை அடுத்துக் காணும் இருவேல்பட்டு. முன்னது பதினோராம் நூற்றாண்டின் கல்லூரி ஊர். பின்னது இருபதாம் நூற்றாண்டின் பல்கலைக் கழகம் ஆராய்ந்த ஊர்.

இந்த இரண்டு ஊர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கல்வி யாருக்காக, ஆராய்ச்சி யாருக்காக என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. அந்த விடையைத் தேடிச் செல்வோம்.

எண்ணாயிரத்தின் நெற்கணக்கு

முதலாம் இராசேந்திர சோழன் காலத்திலே எண்ணாயிரம் கோயிலை ஒட்டி ஒரு கல்லூரி நடந்தது. அதன் செய்தியைத் தாங்கிய கல்வெட்டை 1917-ஆம் ஆண்டு கல்வெட்டுத் துறையினர் படியெடுத்தனர். வரலாற்று நூல்கள் அதைப் புகழ்ந்து பேசுகின்றன. புகழத்தான் வேண்டும். 270 இளநிலை மாணவர்கள், 70 மேல்நிலை மாணவர்கள், 14 ஆசிரியர்கள், இவர்கள் அனைவரின் உணவுக்கும் ஊதியத்துக்கும் 45 வேலி நிலம். மாணவன் ஒருவனுக்கு நாள்தோறும் எத்தனை நாழி நெல், ஆசிரியருக்கு எவ்வளவு என்று அளவு தவறாமல் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை ஒழுங்கு அந்நாளிலே இருந்தது என்பது வியப்புக்குரியதே.

என்ன கற்பித்தார்கள்? வேதங்கள், வடமொழி இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம். யாருக்குக் கற்பித்தார்கள்? வேதம் ஓதும் உரிமை யாருக்கு உண்டு என்று அந்நாளைய சமுதாயம் வரையறுத்திருந்ததோ அவர்களுக்கு. அந்த 45 வேலியிலே சேற்றில் இறங்கியவர் யார், நாற்று நட்டவர் யார், கதிர் அறுத்தவர் யார், அவர்கள் உண்டது எத்தனை நாழி, அவர்களின் குழந்தைகளில் பிழைத்தவை எத்தனை என்ற கேள்விகளைக் கேட்க அந்தக் கல்லூரியிலே பாடம் இல்லை. நெல்லுக்குக் கணக்கு இருந்தது. நெல்லை விளைவித்தவருக்குக் கணக்கு இல்லை.

சோழனை இழித்துரைக்க நாம் இதை எழுதவில்லை. அந்தக் காலத்திலே உலகின் பெரும்பகுதி அப்படித்தான் இருந்தது. ஐரோப்பியக் கல்விக் கூடங்களும் மதநூல்களைத்தான் முதன்மையாக ஓதின. ஆனால் ‘அந்தப் பொற்காலம் மீண்டும் வாராதா’ என்று ஏங்குவோருக்கு நாம் சொல்ல வேண்டியது உண்டு: உழைப்பவன் எப்படி வாழ்கிறான் என்பது ஆராயத் தகுந்த பொருள் என்ற எண்ணம் பொற்காலத்தின் கொடை அன்று. அது புதிய காலத்தின் கொடை.

1916: இரண்டு கணக்குகள்

அந்த எண்ணத்தைச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் கில்பர்ட் சிலேட்டர். இவர் 1915-ஆம் ஆண்டு இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராகச் சென்னைக்கு வந்தார். 1921 வரை பணியாற்றினார். வருவதற்கு முன்னர், தொழிலாளர் கல்விக்கென ஆக்சுபோர்டு நகரில் நடந்த இரசுகின் கல்லூரியின் தலைவராக இருந்தவர். இங்கிலாந்தில் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு உழவர்கள் நிலமிழந்த வரலாற்றை 1907-இல் நூலாக எழுதியவர். நிலம் பறிபோனால் மனிதன் என்ன ஆவான் என்பதைத் தம் நாட்டிலேயே கற்றிருந்தவர்.

அவர் வாழ்ந்த காலத்து இங்கிலாந்திலே ஒரு பெரும் மாறுதல் நிகழ்ந்துகொண்டிருந்தது. சார்லசு பூத் என்பார் இலண்டன் நகரைத் தெருத் தெருவாக ஆராய்ந்து, மக்களில் நூற்றுக்கு முப்பதின்மர் வறுமையில் உழல்கின்றனர் என்று காட்டினார். சீபோம் ரவுண்ட்ரி என்பார் யார்க் நகரை ஆராய்ந்து, 1901-இல் வெளியிட்ட நூலிலே, முழு நேரம் உழைப்பவனுக்கும் அவன் பெறும் கூலி உடலைக் காக்கும் உணவுக்குப் போதவில்லை என்று மெய்ப்பித்தார். ‘ஏழை சோம்பேறி, குடிகாரன், ஆகவே ஏழை’ என்று திருச்சபைகளும் செல்வச் சீமான்களும் பாடிய பல்லவி அந்தக் கணக்கின் முன் நிற்க முடியவில்லை. 1908-இல் அங்கே முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. எண்ணிக்கை இரக்கத்தைவிட வலியது என்று நாடு கற்றுக்கொண்டது.

சிலேட்டர் சென்னையிலே கண்டது என்ன? ஆங்கில நாட்டுப் பொருளாதார நூல்களை மனப்பாடம் செய்த மாணவர்களை. தம் ஊரில் ஒரு காணி நிலத்துக்கு என்ன செலவு, என்ன வரவு, கூலியாள் என்ன உண்கிறான் என்று கூற அந்தப் படிப்பு உதவவில்லை. ஆகவே அவர் வினாப் பட்டியல் ஒன்றை வகுத்து, விடுமுறைக்குச் செல்லும் மாணவர்களிடம் கொடுத்து, ஊரை ஆராய்ந்து வரப் பணித்தார். நிலம், பயிர், கூலி, கடன், உணவு, வீடு, தொழில் என்று அனைத்தையும் எழுதி வரச் சொன்னார். அந்த அறிக்கைகளே 1918-ஆம் ஆண்டு ‘சில தென்னிந்திய ஊர்கள்’ என்ற பொருள்படும் ஆங்கில நூலாக வெளிவந்தன. தமிழகத்தில் ஐந்து ஊர்கள் அதனால் புகழ் பெற்றன: இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டான், தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, வடஆர்க்காட்டுத் தூசி, தென்னார்க்காட்டு இருவேல்பட்டு.

இருவேல்பட்டு ஆராயப்பட்ட ஆண்டு 1916. அந்த ஆண்டைத் திராவிட இயக்கத் தோழர் எவரும் மறவார். அந்த ஆண்டின் நவம்பரிலேதான் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் உருவாயிற்று. டிசம்பரிலே பிட்டி தியாகராயரின் கையெழுத்தோடு பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. அதே ஆண்டிலேதான் டாக்டர் நடேசனார் திருவல்லிக்கேணியிலே, சென்னைக்குப் படிக்க வரும் பார்ப்பனரல்லாத மாணவர்களுக்கென்று திராவிடர் இல்லம் தொடங்கினார்.

அந்த அறிக்கையும் ஒரு கணக்குத்தான். நூற்றுக்கு மூவராக இருந்த ஒரு வகுப்பார், மாவட்ட முன்சீப் பதவிகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் வைத்திருந்தனர் என்பதை, 1913-இல் அரசுப் பணிக் குழுவின் முன் அலெக்சாந்தர் கார்டியூ அளித்த புள்ளிவிவரங்கள் வெளிப்படுத்தியிருந்தன. தியாகராயரின் அறிக்கை அந்த எண்களை நாட்டின் முன் வைத்தது. வசைபாடவில்லை, எண்ணிக் காட்டியது. ஒரே ஆண்டிலே ஒரு கணக்கு அலுவலக நாற்காலியில் அமர்ந்திருப்பவர் யார் என்று கேட்டது. மற்றொரு கணக்கு வயலின் சேற்றில் நிற்பவர் யார் என்று கேட்டது. இரண்டும் ஒரே கேள்வியின் இரு பாதிகள் என்பதை நம் இயக்கம் பின்னர் உணர்ந்தது.

சிலேட்டரைப் பற்றி இன்னொன்றும் கூற வேண்டும். 1924-இல் அவர் இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இந்நாட்டு நாகரிகத்தின் அடித்தளம் திராவிடருடையது என்று அதில் வாதாடினார். அந்நூலில் காணும் இனக் கொள்கைகள் பலவற்றை இன்றைய ஆராய்ச்சி ஏற்காது. நாமும் ஏற்க வேண்டியதில்லை. நம்மைப் புகழ்ந்தார் என்பதற்காக ஒருவரின் எல்லாக் கருத்தையும் தலையிலே தூக்கி வைத்துக்கொள்வது பகுத்தறிவாகாது. ஆனால் தமிழ்ச் சிற்றூரின் படியாள் வாழ்வைப் பல்கலைக் கழகப் பாடமாக்கினாரே, அந்தத் தொண்டு நிலைத்தது.

படியாளின் நிலை

படியாள் என்ற சொல்லை இன்றைய இளைஞர்கள் அறியமாட்டார்கள். அறியாதிருப்பதே ஒரு வெற்றி. தஞ்சையிலே பண்ணையாள் என்றால், தென்னார்க்காட்டிலே படியாள். படியால் அளந்து கொடுக்கும் தானியத்துக்கு ஆண்டு முழுவதும் உழைப்பவன். பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினன். திருமணத்துக்கோ சாவுக்கோ நிலக்கிழாரிடம் கடன் வாங்குவான். அந்தக் கடன் தீரும்வரை வேறிடத்தில் வேலை செய்யக் கூடாது. படியளப்பதோ வயிற்றுக்கே போதாது; பிறகு கடன் தீர்வது எப்படி? தந்தை பட்ட கடன் மகன் கழுத்துக்கு வரும். கால்விலங்கு கண்ணுக்குத் தெரியாது; ஆனால் கால் நகராது.

இந்த நிலைக்கு அந்நாளிலே மூன்று விளக்கங்கள் வழங்கின. ‘போன பிறவியின் வினை’ என்றது வைதீகம். ‘அவர்கள் இயல்பே அப்படி’ என்றது சாதிச் செருக்கு. ‘இது ஊர் வழக்கம்; தலையிட வேண்டா’ என்றது அயலாட்சி. கணக்கோ நான்காவது விளக்கத்தைத் தந்தது: நிலம் சிலர் கையில், கடன் அவர்கள் கையில், கூலியை அளக்கும் படியும் அவர்கள் கையில், ஆகவே இவன் அடிமை. வினையை எவராலும் மாற்ற முடியாது. நில உரிமையையும் கடனையும் கூலியையும் மாற்ற முடியும். ஆராய்ச்சியின் அறம் இதிலேதான் அடங்கியிருக்கிறது. மாற்ற முடியாதது என்று எண்ணப்பட்டதை மாற்றக் கூடியதாக அது காட்டுகிறது.

ஆயினும் அந்த முதல் கணக்கின் குறையையும் நாம் மறைக்கலாகாது. 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சென்னை மாகாணத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவு. அந்நிலையிலே பல்கலைக் கழகம் வரை சென்ற மாணவர் யாராக இருந்திருப்பர்? பெரும்பாலும் மேல்வகுப்பினர், நிலமுடைய குடும்பத்தினர். ஊரின் கதையை எழுதியவர்கள் ஊரின் திண்ணையில் அமர்ந்திருந்தவர்கள். சேரியின் உள்ளே சென்று, குடிசையின் கதவருகே நின்று, பெண்களிடம் பேசி, ‘நேற்று இரவு என்ன உண்டீர்கள்’ என்று கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதே. படியாள் ஆராயப்பட்டான், அவன் ஆராயவில்லை. அவன் பிள்ளைக்கு எழுத்தாணி எட்டவில்லை.

மீண்டும் மீண்டும் வந்தனர்

ஓர் ஊரை ஒருமுறை ஆராய்ந்துவிட்டு மறந்துபோவது பல்கலைக் கழகங்களின் வழக்கம். இருவேல்பட்டின் சிறப்பு, அதை மறக்கவில்லை என்பதே.

1936-37-இல் சென்னைப் பல்கலைக் கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமசு அவர்களும் கே. சி. இராமகிருட்டிணன் அவர்களும் சிலேட்டரின் ஊர்களை மறு ஆய்வு செய்வித்தனர். அது 1940-இல் நூலாக வந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சி நெல்லின் விலையைத் தரைமட்டமாக்கி, உழவரைக் கடன் குழியில் தள்ளியிருந்த காலம் அது. 1961-இல் ஆங்கில நாட்டுப் பேராசிரியை மார்கரெட் ஆசுவெல் அதே ஊர்களைப் பார்க்க வந்தார். பின்னர் 1980-களின் தொடக்கத்திலே, மால்கம் ஆதிசேசையா 1971-இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் எசு. குகன் அவர்களும், அமெரிக்க மானிடவியலார் சோன் மெஞ்சர் அம்மையாரும் இருவேல்பட்டை ஆராய்ந்தனர். 1983-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது.

இவ்விருவரையும் நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். குகன், 1970-களில் தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்தவர். கோப்புகளைப் பார்த்த கண்ணோடு குடிசைகளையும் பார்த்தார். அமைப்பு சாராத் தொழிலாளருக்கு, முதியோருக்கு, கைம்பெண்களுக்கு அரசு தரவேண்டிய குறைந்தபட்சப் பாதுகாப்பு என்ன, அதற்கு ஆகும் செலவு எவ்வளவு, அந்தச் செலவை நாடு தாங்குமா என்று கணக்கிட்டுக் காட்டுவதையே தம் பிற்கால ஆராய்ச்சியாகக் கொண்டார். 1998-இல் மறைந்தார். மெஞ்சர் அம்மையார் 1974-இல் எழுதிய கட்டுரை ஒன்றிலே, சாதி முறையை மேலிருந்து பார்க்கும் பார்வையைத் தலைகீழாக்கினார். ‘ஒவ்வொருவருக்கும் ஓர் இடம், ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அமைதி’ என்று அறிஞர் சிலர் வருணித்த சாதியை, அடித்தளத்தில் கிடப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் அதைச் சுரண்டல் என்றே சொல்வார்கள் என்று வாதிட்டார். ஈரோட்டிலிருந்து அரை நூற்றாண்டாக ஒலித்த குரலுக்கு, கடல் கடந்து ஒரு சான்று வந்து சேர்ந்தது.

2008-இல் மீண்டும் ஓர் ஆய்வு. சான் ஆரிசு, செ. செயரஞ்சன், க. நாகராசு ஆகிய மூவர் செய்த அந்த ஆய்வு 2010-இல் அதே இதழில் வெளிவந்தது. 1916 தொடங்கி 2008 வரை நிலம், உழைப்பு, சாதி அரசியல் ஆகியவை எப்படி மாறின என்பதே அதன் பொருள். செயரஞ்சன் அவர்கள் 2021-இல் தமிழகத்தின் மாநிலத் திட்டக் குழுவுக்குத் துணைத் தலைவராக அமர்த்தப்பட்டார். சிற்றூரின் கணக்கு, கோட்டையின் வாயிலை எட்டிய செய்தி அது.

தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள். ஐந்து ஆய்வுகள். ஒரே ஊர். ஒரே மனிதனை இளமை முதல் முதுமை வரை மருத்துவர் ஒருவர் பார்த்து வந்தது போன்றது இது. அப்படிப் பார்த்து வந்தால்தான் நோய் எது, மருந்து எது என்று தெரியும்.

விதி மாறிற்றா?

என்ன தெரிந்தது? படியாள் முறை மறைந்தது. பெருநிலக்கிழாரின் பிடி தளர்ந்தது. கழனியை மட்டுமே நம்பி வாழ்ந்த நிலை குறைந்து, மக்கள் வெளியூர் வேலைகளுக்கும் பிற தொழில்களுக்கும் செல்லலாயினர். ஊராட்சியிலே பழைய ஆதிக்கம் எதிர்ப்பின்றிச் செல்லவில்லை. கூலி கேட்கும் வாய் பிறந்தது. குறைந்த கூலியை மறுக்கும் துணிவும் பிறந்தது.

போன பிறவியின் வினை திடீரென்று தீர்ந்துபோயிற்றா? எந்தக் கோயிலில் எந்தப் பரிகாரம் செய்தார்கள்? ஒன்றும் இல்லை. சட்டங்கள் வந்தன. 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்து, ஒரு குடும்பத்துக்கு 30 தரநிலை ஏக்கர் என்று வரையறுத்தது; 1970-இல் கலைஞர் ஆட்சியிலே அது 15 ஆகக் குறைந்தது. 1971-இல் குடியிருப்பு மனைகளின் உரிமையை அவற்றில் குடியிருந்த உழைப்பாளருக்கே வழங்கும் சட்டம் வந்தது. நிலக்கிழாரின் மனையிலே குடிசை போட்டவன், அவரை எதிர்த்துப் பேசினால் அன்று இரவே வெளியேற வேண்டும் என்ற அச்சத்தை அது தகர்த்தது. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது.

சட்டத்தோடு சோறும் வந்தது. 1967-இல் அண்ணா ஆட்சி ஏற்றபோது படி அரிசி ஒரு ரூபாய்க்கு என்ற திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிற்று. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் எழுந்தது. இருவேல்பட்டு கடைசியாக ஆராயப்பட்ட 2008-ஆம் ஆண்டின் செப்டம்பரிலேதான் ஒரு கிலோ அரிசி ஒரு ரூபாய் ஆயிற்று. 2011-இல் விலையில்லா அரிசி ஆயிற்று. ‘இலவசம்’ என்று ஏளனம் செய்வோர் உளர். அவர்கள் இந்த ஊரின் கணக்கைப் பார்க்கட்டும். வீட்டில் அரிசி இருப்பவன் நிலக்கிழாரின் வாசலில் நின்று முன்பணம் கேட்பதில்லை. முன்பணம் வாங்காதவன் கூலியைப் பேரம் பேசுகிறான். பேரம் பேசுபவன் நிமிர்ந்து நிற்கிறான். நியாயவிலைக் கடையின் அரிசி வயிற்றை மட்டும் நிரப்பவில்லை, முதுகெலும்பையும் நேராக்கிற்று.

உயிரின் கணக்கையும் பாருங்கள். 1971-இல் தமிழகத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமல் மாண்டன. 2020-இல் அந்த எண் 13. சத்துணவும், தாய்சேய் நலமும், ஊர்ச் செவிலியரும், பெண் கல்வியும் சேர்ந்து செய்த வேலை அது. ஆயிரத்துக்கு நூறு குழந்தைகளை எமன் விட்டுவிட்டானா? மனிதன் மீட்டான்.

எலியும் நோயாளியும் கூறிய உண்மை

நலவாழ்வு ஆராய்ச்சி மூடக் கருத்துகளை வீழ்த்திய வேறு இரு செய்திகளையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

குன்னூரிலே இராபர்ட்டு மெக்காரிசன் என்ற மருத்துவர் உணவு ஆராய்ச்சி நடத்தினார். ‘வீர இனம்’ என்றும் ‘மெலிந்த இனம்’ என்றும் வெள்ளை ஆட்சியார் இந்திய மக்களைப் பிரித்துப் பேசிய காலம். அவர் ஒரே வகை எலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் உண்ணும் கோதுமை, பால், பருப்பு, காய்கறி உணவையும், மற்றொன்றுக்குச் சென்னை மாகாணத்து ஏழையின் அரிசி உணவையும் கொடுத்தார். முன்னவை பருத்து வளர்ந்தன; பின்னவை குன்றி மெலிந்தன. எலிக்கு இனப் பெருமை ஏது? பிறவி வீரம் ஏது? தட்டிலே இருந்ததுதான் உடலிலே ஏறிற்று. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசியவர்களுக்கு எலிக்கூண்டு விடை சொல்லிற்று.

இரண்டாவது, காசநோய். இந்நோய் வந்தால் மலைக்காற்று வேண்டும், ஊட்டமான உணவு வேண்டும், மாதக்கணக்கில் மருத்துவமனையில் ஓய்வு வேண்டும் என்று உலகம் நம்பிற்று. ஏழைக்கு இவை எட்டுமா? 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டிலே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளிகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரை மருத்துவமனையிலும் மற்றவரை அவர்களின் நெருக்கடியான வீடுகளிலேயே வைத்தும் மருந்து கொடுத்தது. 1959-இல் முடிவு வெளிவந்தது. குறைந்த உணவும் நெரிசலான வீடும் இருந்தும், வீட்டிலே மருந்து உண்டவர்கள் ஏறத்தாழ மருத்துவமனையில் இருந்தவர்களைப் போலவே தேறினர். உடன் வாழ்ந்தவர்களுக்கும் அதனால் கூடுதல் கேடு விளையவில்லை. சென்னையின் சேரிகளில் கண்ட அந்த உண்மை உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. ஏழைக்கு எட்டாத மருந்தை எட்டும்படி செய்தது மன்னர் தானமோ மடத்தின் அருளோ அன்று. முறையாகச் செய்த ஓர் ஒப்பீடு.

கணக்கு யாருடையது?

இத்தனையும் கூறிவிட்டு, எல்லாம் இனிதே முடிந்தது என்று நாம் ஏமாற மாட்டோம். இருவேல்பட்டின் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. நிலக்கிழாரின் அதிகாரம் குறைந்தது; ஆனால் நிலமற்றவருக்கு நிலம் வந்துவிடவில்லை. படியாள் மறைந்தான், சேரி ‘காலனி’ என்று பெயர் மாறிற்று, ஊருக்கும் காலனிக்கும் இடைப்பட்ட தொலைவு மறையவில்லை. விழுப்புரம் 1978-இல் கண்ட சாதிக் கலவரத்திலே தாழ்த்தப்பட்டோர் பன்னிருவர் கொல்லப்பட்டதை வரலாறு மறக்காது. 2023 மே திங்களில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், 2024 சூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் நச்சுச் சாராயம் குடித்து மாண்டோர் யார்? உழைத்து ஓய்ந்த உடம்புகள். அந்த மரணங்களுக்கு மருத்துவர் எழுதும் காரணம் மெத்தனால். ஆனால் நூறு ரூபாய் கூலியில் நஞ்சை வாங்க ஒருவனைத் தள்ளியது எது என்பதற்கு மருத்துவரின் சான்றிதழில் இடம் இல்லை. அந்த விடையைக் கண்டு சொல்ல ஆராய்ச்சி வேண்டும்.

2024 நவம்பர் இறுதியிலே ‘பெஞ்சல்’ புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் பெண்ணையாற்றுப் படுகையை மூழ்கடித்தது. இருவேல்பட்டும் மூழ்கிய ஊர்களுள் ஒன்று. உதவி வந்து சேரவில்லை என்று ஊர் மக்கள் டிசம்பர் 3-ஆம் நாள் நெடுஞ்சாலையில் மறியலில் இறங்கினர். எண்ணிப் பாருங்கள் தோழர்களே! தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளில் ஐந்து முறை அறிஞர்களால் ஆராயப்பட்ட ஊர். உலகப் பல்கலைக் கழகங்களின் நூலகங்களிலே பெயர் பொறித்த ஊர். தன் துன்பத்தைக் கூறச் சாலையிலே வந்து அமர வேண்டியிருந்தது. ஊரைப் பற்றிய அறிவு இருந்தது. அந்த அறிவு ஊரின் கையிலே இல்லை. ஆய்வுகள் யாவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. படியாளின் பேரன் தன் பாட்டனின் கதையைப் படிக்க வேண்டுமானால், அயல்மொழி கற்று, அயலார் ஏட்டைத் தேட வேண்டும்.

ஆகவே நாம் கேட்கிறோம். முண்டியம்பாக்கத்து மருத்துவக் கல்லூரியிலே ஆண்டுதோறும் மாணவர்கள் பயில்கிறார்கள். அவர்களிலே இந்த மாவட்டத்துக் கூலித் தொழிலாளரின் மக்களும் உள்ளனர். எண்ணாயிரத்துக் கல்லூரியிலே நுழைய முடியாதவர்களின் வழிவந்தவர்கள், அதே வட்டத்தின் மருத்துவக் கல்லூரியிலே வெள்ளைச் சட்டை அணிந்து நிற்கிறார்கள். இது இட ஒதுக்கீடு பெற்றுத் தந்த வெற்றி. தியாகராயர் எண்ணிக் காட்டிய கணக்கின் பயன். 1916-இல் ஊரை எழுதியவர் திண்ணையில் இருந்தார். இன்று எழுதக் கூடியவர் குடிசையிலிருந்தே வந்திருக்கிறார். அவர் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும். கரும்பு வெட்டும் பெண் எத்தனை மணி நேரம் நீரின்றி வெயிலில் நிற்கிறாள், அவள் குருதியில் இரும்புச் சத்து எவ்வளவு, காலனியின் குடிநீர்க் குழாயும் ஊரின் குழாயும் ஒரே அளவு நீர் தருகின்றனவா என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விகள் அவருக்கு ஏட்டில் படித்தவை அல்ல. தாயின் முகத்தில் படித்தவை.

கல்லூரி மாணவர்களே! படிப்பகத் தோழர்களே! விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். நிலம் யாரிடம், கடன் யாரிடம், குழாய் எந்தத் தெருவில், பள்ளியை இடையில் விட்ட பெண்பிள்ளைகள் எத்தனை பேர், முதியோர் ஓய்வூதியம் கிடைக்காத கிழவிகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். காலனியிலிருந்து தொடங்குங்கள், ஊருக்குப் பின்னர் வாருங்கள். எண்ணியதைத் தமிழில் எழுதுங்கள். எழுதியதை ஊராட்சிக் கூட்டத்திலே உரக்கப் படியுங்கள். பத்து ஆண்டு கழித்து மீண்டும் எண்ணுங்கள்.

வினை என்று சொன்னவர்கள் கணக்குக் காட்டியதில்லை. கணக்குக் காட்டியவர்கள் வினையை நம்பியதில்லை. எண்ணாயிரத்தின் கல்வெட்டிலே நாழி தவறாத நெற்கணக்கு ஆயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. அந்த நெல்லை விளைவித்தவரின் கணக்கை எழுதும் வேலையில் இன்னும் பெரும்பகுதி எஞ்சியிருக்கிறது. அதை எழுத வேண்டியவர்கள் இன்றைய இளைஞர்கள்.